சிரிப்புக்கு ஒரு கேடயம்

போன புதன்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காத்தமுத்து. பசறை பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். அவர் கையில் ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும். என் கையில் குடை. மழையை விடுவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நேராக எங்களிடம் வந்தார். கிளினிக்கில் இருந்து வருகிறார் போல. கையில் குளிசை உறைகள். காத்தமுத்துவின் முகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஒரு உறையை நீட்டினார்.

"டாக்டரய்யா, இந்த வெள்ளைக் குளிசை சாப்பாட்டுக்கு முந்தியா, பொறகா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காத்தமுத்துவுக்கு வரவில்லை.

"அம்மா, நான் டீவியில வர்ற டாக்டருங்க. நெசத்துல எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வந்துரும்."

அந்த அம்மா நம்பவில்லை. உறையில் எழுதியிருந்ததைக் காத்தமுத்துவாலும் வாசிக்க முடியவில்லை, என்னாலும் வாசிக்க முடியவில்லை. கடைசியில் காத்தமுத்து அவரைக் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டு, உறையின் மேலே 'சாப்பிட்ட பிறகு' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. அந்த அம்மா மட்டும் திருப்தியாகப் போனார். கடைக்காரர் சொன்னதும் அதுதான் என்றாலும், காத்தமுத்து சொன்னால்தான் மனசுக்குச் சரியாக இருக்கிறதாம். தங்களைப் போலவே பேசுகிறாராம்.

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். நான் சும்மா நிற்கிற ஆளில்லை... யோசிக்க ஆரம்பித்தேன்.

இதே பஸ் நிலையத்தில், சில வருடங்களுக்கு முன்னால், இதே மனிதரைக் கண்டவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள். "அண்ணே, ஒரு கொமடி பண்ணிக் காட்டுங்களேன்" என்றார்கள். அவர் வாயைத் திறந்து 'பஸ் எத்தனை மணிக்கு' என்று கேட்டாலே சிரித்தார்கள். அதே முகம். அதே வாய். அதே பேச்சு.

நடுவில் என்ன நடந்தது?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... என்னைப் பற்றி நான் எப்போதும் நல்லதாகவே எழுதிக்கொள்வேன். இந்த வாரம் அதற்கு வழியில்லை. மன்னிக்கவும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கொழும்பில் டீவி நாடகங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பதுளையில் பிறந்தவன்தான். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து கிளார்க் வேலைக்கு வந்தவர். வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், தெருவில் பதுளைத் தமிழ் என்று இரண்டு வாயோடு வளர்ந்தவன் நான். ஆனால் எழுத உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு தமிழ் வரும். அதை உலகத்தில் யாரும் பேசுவதில்லை.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒளிப்பதிவு. ஒரே ஒரு காட்சியில் வரும் தகப்பன் பாத்திரத்துக்குக் கொழும்பில் இருந்து ஒரு நடிகர் வரவேண்டும். அப்புத்தளைப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது. நடிகர் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டார். டைரக்டர் தலையில் கை வைத்தார்.

தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிற ஒருவர், எங்கள் கமரா வயர்களைப் பார்த்துக்கொள்ள வந்து நின்றார். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும். அவர்தான் காத்தமுத்து. தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார் என்று யாரோ சொன்னார்கள். டைரக்டர் வேறு வழியில்லாமல் என் வசனத்தை அவர் கையில் கொடுக்கச் சொன்னார்.

வசனம் இதுதான்: 'ஐயா, எனது மகனுக்குக் கடும் சுகயீனம். தயவுசெய்து வாகனம் ஒன்றை ஒழுங்குசெய்து தாருங்கள்.'

காத்தமுத்து அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்.

"சார், புள்ள சாகக் கெடக்கையில இவ்வளவு பேச மூச்சு இருக்குமா?"

எனக்குக் கோபம் வந்தது. எழுதியதைப் பேசுங்கள் என்றேன். சரிங்க சார் என்று தலையாட்டினார். கமரா ஓடத் தொடங்கியதும் துரை பங்களாப் படியில் நின்று, மேலே பார்த்து, இரண்டே சொல் சொன்னார்.

"லொறிங்கய்யா... லொறி."

அவ்வளவுதான். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். தோட்டத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறியை விட்டால் வேறென்ன இருந்தது? இது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது மட்டும் மறந்துபோகும்.

அந்தக் காட்சி அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனது. தொழிற்சாலை வேலையை விட்டார். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் என்பதால், மனைவி மாரியாயி கொழுந்து பறிக்கும் வேலையில் பதிவில் இருந்தபடியால்தான் தலைக்கு மேல் கூரை நின்றது. அதாவது, மாரியாயி ஒரு நாள் முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

டைரக்டர் முதலில் கை வைத்தது பெயரில். காத்தமுத்து என்ற பெயர் திரையில் நன்றாக இருக்காதாம், கார்த்திக் என்று போடலாமாம். அப்படிப் போட்டால் யாராவது கூப்பிடும்போது தான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று காத்தமுத்து சொல்லிவிட்டார். பெயர் தப்பியது.

பேச்சு தப்பவில்லை.

அடுத்த ஐந்தாறு வருடங்கள் அவர் என்னென்ன வேடம் போட்டார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காவல்காரன். சமையல்காரன். ஆபீசில் தேநீர் கொண்டுவருகிறவன். வருவார், ஏதாவது பேசுவார், எல்லோரும் சிரிப்பார்கள், போவார். டைரக்டர்கள் "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசுங்க" என்பார்கள். வசனத்தில் வரிக்கு ஒரு 'சாமி', வரிக்கு ஒரு 'தொரை'. அந்த வசனங்களில் பாதி எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? வேண்டாம்... கேட்காதீர்கள்.

நீங்களும் சிரித்தீர்கள்தானே?

என் தமிழைக் கேட்டு யாரும் எப்போதும் சிரித்ததில்லை. அதனால் அதுதான் தமிழ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பேசுவது ஏதோ 'ஸ்லாங்'. இப்படி நினைப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஒருவரும் உங்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு தடவை பதுளைக்கு வந்தபோது அவருடைய லயத்துக்குப் போனேன். அந்த வரிசையில் இருந்த ஒரே டீவி, கார் பட்டறியில் ஓடுவது, பக்கத்து வீட்டில் இருந்தது. நாடகம் போகும் நாளில் எல்லோரும் அங்கேதான். மாரியாயி மட்டும் போவதில்லை என்று காத்தமுத்து சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாரியாயி ப்ளேன் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

"சார், நாங்க இப்படியா பேசுறோம்?"

டீ சூடாக இருந்தது. குடித்தேன். நாக்கு சுட்டது. வேண்டியதுதான்.

அன்று கொழும்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பிறகு ஒரு நாடகம் எழுதினேன். தோட்டத்தில் இருந்து ஒரு பெண்பிள்ளையை வீட்டு வேலைக்காகக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை. இறந்துபோனாள் என்ற செய்தி மட்டும் வருகிறது. தகப்பன் அந்த வீட்டைத் தேடிப் போகிறான். உங்களில் பலருக்கு இது கதையே இல்லை, பக்கத்து வீட்டு விஷயம். தகப்பன் காத்தமுத்து. ஹீரோ, அந்தத் தகப்பனுக்கு உதவும் ஒரு இளம் வக்கீல். வக்கீல் இல்லாமல் எந்தச் சேனல் நாடகம் எடுக்கும்?

கடைசிக் காட்சி அந்தக் கொழும்பு வீட்டின் கேட் வாசலில். தகப்பனுக்கு ஒன்றரைப் பக்க வசனம் எழுதியிருந்தேன். நீதி, நியாயம், ஏழை, பணக்காரன் எல்லாம் இருந்தது. எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

காத்தமுத்து ஒன்றரைப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள தூங்குன எடத்தை மட்டும் காட்டுங்கம்மா. பார்த்துட்டுப் போயிர்றேன்."

லைட் பிடித்திருந்தவர் அழுதார். அவருக்குத் தமிழ் தெரியாது.

இப்போதுதான் நான் கெட்டவனாகிற பகுதி வருகிறது.

ஒரு பெரிய நிறுவனம் வருடா வருடம் டீவி நாடகங்களுக்கு விருது கொடுத்து வந்தது. எங்கள் நாடகத்தை அனுப்ப வேண்டும். விண்ணப்பப் படிவம் நிரப்பும் வேலையை டைரக்டர் என்னிடம் தந்தார். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். 'சிறந்த நடிகர்' என்ற இடத்தில் காத்தமுத்து பெயரை எழுதப் போனேன். டைரக்டர் தடுத்தார். அங்கே ஹீரோ பெயரைத்தான் போட வேண்டும், ஸ்பொன்சர் ஹீரோவின் ஆள். துணை நடிகருக்கு விருது கிடையாது. மிச்சம் இருந்தது 'சிறந்த நகைச்சுவை நடிகர்'.

அதில் போடுங்கள் என்றார். அவருடைய பேச்சுக்கு அது பொருந்தும், ஏதோ ஒன்றாவது கிடைக்கட்டுமே என்றார்.

நான் போட்டேன். அழகான கையெழுத்தில்.

மனசு உறுத்தவில்லையா? உறுத்தியது. ஆனால் ஏதோ ஒன்றாவது கிடைக்கட்டுமே என்ற அந்த வார்த்தை இருக்கிறதே... அது நல்ல தலையணை. தலையை வைத்தால் தூக்கம் வந்துவிடும்.

விருது விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. என்ன விருது என்று அதில் இல்லை. காத்தமுத்து தோட்டத்துக்குத் தகவல் அனுப்பி மாரியாயியை வரவழைத்தார். மாரியாயி கொழும்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பச்சைச் சேலை. மண்டபத்தின் ஏசியில் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட் காட்சி இருக்கிற அந்த நாடகத்தை மட்டும் முழுதாகப் பார்த்ததாக என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் போய்... முன்வரிசையில் உட்கார்ந்து.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை.

மேடையில் 'சிறந்த நகைச்சுவை நடிகர்' என்று அறிவித்தார்கள். பின்னால் பெரிய திரையில் அந்தக் கேட் காட்சி ஓடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்தமுத்து 'எம் புள்ள' என்று வாயைத் திறந்தார். மண்டபம் சிரித்தது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். சிரித்தார்கள். நகைச்சுவை என்று தலைப்புப் போட்டுவிட்டால் போதும், அதுவும் அந்தக் குரல் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளை தூங்கின இடத்தைக் கேட்கிற தகப்பனைப் பார்த்து ஒரு மண்டபம் நிறையப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

மாரியாயி சுற்றும் முற்றும் பார்த்தார். யாருக்கு என்ன ஆனது என்று பார்ப்பதைப் போல.

காத்தமுத்து மேடைக்குப் போனார். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் உற்சாகமான பேர்வழி. அந்த வசனத்தை ரசிகர்களுக்காக நேரில் ஒரு தடவை பேசிக் காட்டச் சொன்னார்.

காத்தமுத்து பேசினார். கொஞ்சமும் குறைக்காமல், அந்தக் கேட் வாசலில் பேசியது போலவே. மீண்டும் சிரிப்பு.

"சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்" என்றார்.

இதுவும் நகைச்சுவை என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அவர் நின்றார். மைக்கை விடவில்லை. மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. முழு மண்டபமும் அடங்கும்வரை நின்றார். அரை நிமிடம்தான் இருக்கும். எனக்கு ஒரு பள்ளிக்கூட வருடம் போல இருந்தது. பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார்.

"இது புள்ளையைப் பறிகொடுத்த அப்பன் பேசுற பேச்சுங்க. எங்க அப்பா இப்படித்தான் பேசுனாரு. நானும் இப்படித்தான் பேசுவேன். இதுல யாரையும் சிரிக்க வைக்கணும்னு நான் நடிக்கல. இது சிரிப்புக்குக் குடுக்குற பரிசுன்னா, சிரிச்சவங்க யாராச்சும் வந்து எடுத்துக்கிடுங்க."

கேடயத்தை மேடைத் தரையில் வைத்தார். எறியவில்லை... மெதுவாகத்தான் வைத்தார். இறங்கி வந்தார். மாரியாயி அதற்குள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். இருவரும் நடு வழியால் நடந்து வெளியே போனார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேடம் கொடுக்கவில்லை. தலைக்கனம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. நன்றி கெட்டவன் என்று டைரக்டர் சொன்னார். தோட்டத்துக்காரனைத் தூக்கி வைத்தால் இப்படித்தான் என்று கன்டீனில் சிலர் பேசினார்கள். நான் என் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

காத்தமுத்து பதுளைக்குத் திரும்பி ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆணி நிறுத்துக் கொடுக்கும் வேலை. ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியோடு ஒரு கொமடியும் கேட்டார்கள். ஆணி மட்டும்தான் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து, அவர் நடிப்பை விடவில்லை என்று ஒரு செய்தி என் காதுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தக் கேட் காட்சியை நாடகமாகப் போடுகிறாராம். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போடும் அன்று போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன்.

பிள்ளைக் காம்பரா இருக்கிறதே, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம், அதன் முன்னால் வெறும் மண் தரையில் நாடகம். மேடை இல்லை, மைக் இல்லை. இரண்டு கம்பு நட்டு, நடுவில் ஒரு கயிறு. அதுதான் கேட். அந்தப் பக்கம் கொழும்பு வீட்டுக்காரியாக நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாரியாயி.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. காத்தமுத்து கெஞ்சக் கெஞ்ச, தன் வளையலைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவு கல்நெஞ்சுக்கார எஜமானியை நான் கொழும்பில் எந்த நடிகையிடமும் பார்த்ததில்லை. எங்கே கற்றுக்கொண்டார்? கற்றுக்கொள்ள வேண்டுமா என்ன... பிறந்ததில் இருந்து தோட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாடகம் முடிவதற்கு முன்பே ஒரு பெண் எழுந்து லயத்துப் பக்கம் வேகமாக நடந்து போனார். அவருடைய மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாளாம். அந்த வாரமே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் நாடகங்கள் எதற்கும் அப்படி ஒரு விமர்சனம் கிடைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் காத்தமுத்து என்னைக் கண்டுவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தார். வாங்க சார் என்றார். அந்த வரவேற்பைத் தாங்க முடியவில்லை. விண்ணப்பப் படிவத்தில் நகைச்சுவை என்று எழுதியது நான்தான் என்று, ஏதோ கணக்கு ஒப்புவிக்கும் பிள்ளை போலச் சொல்லி முடித்தேன்.

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும் சார். மறுநாளே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். படிவத்தைத் தூக்கிக் காட்டுனாங்க. ஆறு வருசமா உங்க எழுத்தைப் படிச்சுத்தான நடிச்சேன்... உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

இரண்டு வருடமாகத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைச் சொல்ல வேண்டியது எழுதியவர்தான் என்றார். மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பித்ததை அவர் முடிக்க விடவில்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டார்.

"எழுதுங்க சார். ஒரு டாக்டரை எழுதுங்க. லயத்துல பொறந்த டாக்டரு. நான் பேசுற மாதிரியே பேசணும். அதை யாரும் ஒரு விசயமாவே எடுக்கக் கூடாது. அவரு பேசுவாரு, மத்தவங்க பதில் சொல்லுவாங்க. அம்புட்டுத்தான்."

பக்கத்தில் நின்ற மாரியாயி ஒரு திருத்தம் சொன்னார். அந்த டாக்டர் யாரையும் 'சாமி' என்று கூப்பிடக் கூடாது.

எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தையும் கொண்டுவந்து அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். மாரியாயி கை நீட்டினால் அந்த வரியை வெட்ட வேண்டும். நிறைய வெட்டினோம்.

பிறகு சேனல் சேனலாக ஏறி இறங்கினேன். டாக்டர் இப்படிப் பேசினால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள். உங்கள் நாடகங்களில் ஒரே ஆள் பத்துப் பேரை அடித்துப் போடுகிறானே, அதை நம்புகிறவர்கள் இதை நம்ப மாட்டார்களா என்று கேட்டேன். தேநீர் தரவில்லை.

ஒரு சேனல் ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. முகம் காத்தமுத்துவுடையது, குரல் வேறொருவருடையது. டப்பிங். ஏதோ ஒன்றாவது கிடைக்கட்டுமே என்ற அந்தப் பழைய தலையணை மறுபடி என் கண்முன் வந்தது. பதுளைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மூஞ்சி வேண்டுமென்றால் வாயும் சேர்ந்துதான் வரும் என்று சொல்லச் சொன்னார்.

போய் அப்படியே சொன்னேன். கதையை மேசையில் இருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் இது. படியிறங்கும்போது, இன்னும் எத்தனை சேனல் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம். புதிதாக வந்த ஒரு இளம் பெண் டைரக்டர், கதையை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, எப்போது தொடங்கலாம் என்று மட்டும் கேட்டார். அப்புத்தளையில் எடுத்தோம். பாதி நாள் பனிமூட்டத்தில் கமராவுக்கு ஆளே தெரியவில்லை. முதல் காட்சியில் ஒரு வயதான நோயாளியிடம் டாக்டர், "எங்கிட்டு வலிக்குதுன்னு கையை வச்சுக் காட்டு ஆத்தா" என்று சொல்லி ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார்.

அது ஒளிபரப்பான முதல் வாரம் போன்கள் வந்தன. தமிழ் கெட்டுவிட்டது என்று ஒருவர். டாக்டர் தொழிலுக்கே அவமானம் என்று இன்னொருவர். நாலாவது வாரம் அவர்களே போன் பண்ணி, அந்த ஆத்தா பிழைப்பாளா என்று கேட்டார்கள். ஆறாவது வாரத்தில் டாக்டரின் பேச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டரைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதே நிறுவனம். அதே விருது விழா. இந்தத் தடவையும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'சிறந்த நடிகர்' என்ற இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். கிடைத்தது.

மேடைக்குப் போனார். மண்டபம் கொஞ்சம் பயந்திருந்தது. மறுபடி என்ன செய்வாரோ? மைக்கின் முன்னால் நின்று, கூட்டத்தை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"போன தடவை ஒண்ணை இங்கனயே வச்சுட்டுப் போனேன். அதை யாரு எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு இன்னும் எனக்குத் தெரியலைங்க."

மண்டபம் சிரித்தது. இந்தச் சிரிப்பு அவர் கேட்டு வாங்கியது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று மண்டபத்துக்குத் தெரியும். மாரியாயியும் சிரித்தார். நான் இந்தத் தடவை எழுந்து நின்று கை தட்டினேன். பின்வரிசைக்காரர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

இதெல்லாம் பழைய கதை. ஒரு மனிதர் தன் வாயைத் தானே வைத்துக்கொள்வதற்குப் பத்து வருடம் பிடித்திருக்கிறது. பெரிய விருது எது என்று என்னைக் கேட்டால், தரையில் வைத்துவிட்டு வந்தாரே, அதுதான்.

இப்போது சேனல்களுக்கெல்லாம் தோட்டத்து டாக்டர் வேண்டுமாம். தோட்டத்து வாத்தியார், தோட்டத்து நீதிபதி... எல்லாம் தங்கமான மனிதர்கள். கண்ணீர் துடைக்கிறவர்கள். கடந்த மாதம் மட்டும் மூன்று பேர் எனக்குப் போன் பண்ணினார்கள். நல்ல செய்தி என்று நினைத்து, அன்று பஸ் நிலையத்தில் காத்தமுத்துவிடம் சொன்னேன். அவர் காய்கறிப் பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நல்லவனாவே எத்தனை நாளைக்குங்க சார் நிக்கிறது? முன்னாடி கோமாளின்னாங்க, இப்ப சாமியாக்கப் பார்க்குறாங்க. எல்லா ஊர்லயும் இருக்குற மாதிரி எங்க ஊர்லயும் கெட்டவன் இருக்கான். எனக்கு ஒரு கொலைகாரனை எழுதுங்க."

எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது மொனராகலையில். இதுவரை இரண்டு கொலை ஆகிவிட்டது... மூன்றாவது எப்போது என்று கேட்டு மாரியாயி ஆள் அனுப்பியிருக்கிறார்.